படத்தில் இருப்பது பிள்ளைப்பூச்சி அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மண்ணுக்குள் வாழும் பூச்சிகளைப் பற்றிய கட்டுரையுடன் வெளியான படத்தின் கீழ் 'பிள்ளைப்பூச்சி' என்று அச்சாகியிருந்தது. அது பிள்ளைப்பூச்சி அன்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவிலும் வாழும் 'ஜெருசலேம் கிரிக்கெட்' என்னும் பூச்சி.

மண்ணைக் குடைவதும் இரவில் நடமாடுவதும் இரண்டுக்கும் பொது என்பதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம். ஆனால், வரப்பு வெட்டும்போது நம் கண்ணில் படும் பிள்ளைப்பூச்சிக்கு மண்வாரி போல அகன்ற முன்கால்கள் உண்டு. வளர்ந்தபின் இறக்கையும் உண்டு. விளக்கைத் தேடிப் பறந்து வருவதும் உண்டு. படத்திலுள்ள பூச்சிக்கோ ஆயுள் முழுவதும் இறக்கை முளைப்பதில்லை. பளபளக்கும் பெரிய மொட்டைத் தலை, சிறிய கருங்கண்கள், முள் அடர்ந்த பருத்த கால்கள், கருப்பும் பழுப்பும் மாறி மாறி வளையமிட்ட வயிறு ஆகியவற்றைப் படத்திலேயே காணலாம். சுவர்க்கோழியைப் போல இறக்கையை உரசி ஒலியெழுப்ப வழியில்லாததால், இது வயிற்றைத் தரையில் தட்டியே துணையை அழைக்கிறது. அந்தத் தட்டலின் தாளம் இனத்துக்கு இனம் மாறுவதால், தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இனங்களைப் பிரித்தறிய அமெரிக்க ஆய்வாளர் டேவிட் வைஸ்மன் அதைப் பெரிதும் பயன்படுத்தினார்.

மெக்சிகோவில் இதற்கு 'மண்ணின் குழந்தை' என்று பொருள்படும் 'நீன்யோ தெ லா தியெர்ரா' என்ற பெயர் வழங்குகிறது. படக்குறிப்பு எழுதியவர் இதிலிருந்தே நம் 'பிள்ளை'க்கு வந்து சேர்ந்தாரோ என்னவோ! ஜெருசலேம் என்ற ஊருக்கும் இப்பூச்சிக்கும் தொடர்பில்லை. நவஹோ பழங்குடியினர் இதன் தலையை மண்டையோட்டுடன் ஒப்பிட்டு வைத்த பெயரைக் கேட்ட கிறித்தவப் பாதிரியார்கள், ஜெருசலேமில் இயேசு சிலுவையில் அறையப்பட்ட 'கபாலஸ்தலம்' (மண்டையோட்டு இடம்) எனப்படும் கொல்கொதாவை நினைத்து இப்பெயரை வழங்கியிருக்கலாம் என்பது சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

பெயரைவிட என்னை உறுத்தியது, 'கொடிய நஞ்சுடையது' என்ற வரி. அது அந்நாடுகளின் மக்களிடையே நெடுங்காலமாக உலவும் நம்பிக்கை மட்டுமே. கையில் பிடித்தால் வலிக்கும்படி கடிக்கக்கூடிய வலுவான தாடைகள் இதற்கு உண்டு, நஞ்சு இல்லை. வேர், கிழங்கு, மட்கிய தாவரப் பொருள்கள், சிறு பூச்சிகள் ஆகியவையே இதன் உணவு. இப்பொய்யான அச்சத்தால் கண்ட இடத்திலேயே இதை மிதித்துக் கொல்பவர்கள் அங்கு இன்றும் இருக்கிறார்கள்.

தங்கள் அறிவியல் பக்கத்தைக் கத்தரித்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் ஆசிரியர்கள் இருப்பதால், படக்குறிப்பையும் நஞ்சு பற்றிய வரியையும் அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மன்னார்குடி.