ஒரே கனெக்‌ஷன், நாலு விஎம்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. பெங்களூரு குளிரில் உன் சளி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். இங்கே எல்லோரும் சுகம். மெட்ரோ 2021-இல் விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து, நம் தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் கிண்டி, ஆலந்தூர் பக்கமெல்லாம் யோசிக்காமல் வேலைக்குப் போகிறார்கள். அதில் சில பேர் மாலையில் என் மொட்டைமாடி அறைக்கு லினக்ஸ் படிக்க வருவதால், ஒரே நெட் கனெக்‌ஷனை லேப்டாப்புக்குள் ஓடும் நாலு விஎம்முக்கும் (விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர்) எப்படிப் பங்கு போடுவது என்று நீ கேட்ட சங்கதி எனக்கும் தினசரிப் பாடுதான்.

உன் பி.ஜி. விடுதி வைஃபையில் நாலு விஎம்முக்கும் பிரிட்ஜ் போட்டாய் (ஒவ்வொன்றும் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி நேரே வைஃபையில் சேர்வது), ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, கிடைக்கவில்லை, சரியா? கிடைக்காததில் ஆச்சரியமில்லை. வைஃபை பெட்டி, பாஸ்வேர்டு கொடுத்துத் தன்னிடம் சேர்ந்த மேக் அட்ரஸிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வரும் பாக்கெட்டை, அதாவது டேட்டாத் துண்டைத்தான் ஏற்கும். லேப்டாப்புக்குப் பின்னால் இருக்கும் விஎம்மின் மேக்கையும் சேர்த்துச் சொல்ல, வழக்கமான வைஃபை ஃபிரேமில் (பாக்கெட்டைச் சுற்றும் உறை) இடமே கிடையாது. விஎம்களை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் மேக்கை மாற்றி எழுதி ஒப்பேற்றப் பார்க்கும். ஓரிடத்தில் ஓடும், இன்னோரிடத்தில் படுத்துவிடும். கேபிள் சொருகினால் பிரிட்ஜ் அருமையாக வேலை செய்யும். ஆனால் பயிற்சிக்காகத் தூக்கலான பாஸ்வேர்டு எதுவும் வைக்காத மெஷினை பி.ஜி. முழுக்கப் பார்க்கும்படி விடுவது எனக்குப் பிடிக்காது.

சரி, நாட் (NAT) என்ற முறைக்கு வா. பல மெஷின்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்வது அது. வண்ணாரப்பேட்டை ஒண்டுக் குடித்தன வீட்டுக்கு வெளியே ஒரே கதவு எண்தானே? தபால் எல்லாம் வீட்டுக்காரம்மா கைக்கு வரும், எந்தப் போர்ஷனுக்கு என்று பார்த்து அவர் கொடுப்பார். நாட் செய்வதும் அதைத்தான், போர்ட் எண்ணை (பாக்கெட் எந்த இணைப்புக்கு என்று காட்டும் எண்) பார்த்து. விர்ச்சுவல்பாக்ஸில் சும்மா நாட் என்று விட்டால் நாலு விஎம்மும் 10.0.2.15 என்றே காட்டும். முட்டிக்கொள்ளாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட். அதனாலேயே ஒன்றை ஒன்று பார்க்கவும் முடியாது. பார்க்க வேண்டுமென்றால் 'நாட் நெட்வொர்க்' என்று இன்னொன்று இருக்கிறது, 4.3 பதிப்பிலிருந்தே. பலருக்கு அதுவே போதும்.

உனக்கு நான் சொல்வது வேறு. நீ நெட்வொர்க் வேலைக்குத்தானே தயாராகிறாய்? ஒரு விஎம்மையே ரௌட்டராக்கு, அதாவது மற்றவற்றின் பாக்கெட்டை வழியனுப்பும் மெஷினாக்கு. டெஸ்க்டாப் திரை இல்லாத டெபியன் (லினக்ஸில் ஒரு வகை), 512 எம்பி ரேம் போதும். அதன் முதல் நெட்வொர்க் கார்டு சாதாரண நாட். இரண்டாவது 'இன்டர்னல் நெட்வொர்க்', விஎம்கள் தங்களுக்குள் மட்டும் பேசும் வலை. மற்ற மூன்றுக்கும் இன்டர்னல் மட்டும். ரௌட்டருக்குள் ஐபி ஃபார்வர்டை (பாக்கெட்டை வழியனுப்பும் செட்டிங்) 1 ஆக்கி, லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் நாட் செய்யும் மாஸ்கரேடு ஒரு வரி போட்டு, ஐபி கொடுக்கவும் தளப் பெயருக்கு முகவரி தேடவும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளை உட்கார வை. வைஃபை பெட்டிக்குத் தெரிவது உன் லேப்டாப் ஒன்றுதான். நீ ஊருக்கு வந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தாலும் உள்ளே எதையும் மாற்ற வேண்டாம். பாக்கெட் எந்த வாசலில் நின்றுபோனது என்று பாக்கெட்டுகளைக் காட்டும் கருவியான டிசிபிடம்ப்பில் நீயே பார்க்கலாம். மெனுவில் டிக் அடித்து இது வராது.

இன்னொரு லாபம் டேட்டா. உள்ளே இருக்கும் மூன்று உபுண்டுவும் (இதுவும் லினக்ஸில் ஒரு வகை) ஒரே அப்டேட்டை மூன்று தடவை இறக்குவது அநியாயம். அந்த ரௌட்டரிலேயே ஆப்ட்-கேஷர்-என்ஜி (இறங்கிய அப்டேட்டைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் மென்பொருள்) போட்டு, மற்றவற்றை அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்பிவிடு. முதலில் கேட்கிற மெஷினுக்காக ஒரு தடவை இறங்கும், மற்றவற்றுக்கு உள்ளிருந்தே போகும். உபுண்டு களஞ்சியம் மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியில் வருவதால்தான் இது நடக்கிறது. பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாதே, பொதிகளை (மென்பொருள் பேக்கேஜ்கள்) அவற்றை இறக்கும் கருவியான ஆப்ட் கையொப்பம் வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறது.

ஒரு விஎம் பெரிய ஐஎஸ்ஓ ஃபைலை இழுக்கும்போது மற்றவை திணறும் என்று எழுதியிருந்தாய். விர்ச்சுவல்பாக்ஸில் வேக வரம்பு வைக்கலாம், ஆனால் விஎம்மிலிருந்து வெளியே போவதற்கு மட்டும்தான் அது பொருந்தும். இறங்குவதைப் பிடிக்க வேண்டிய இடம் ரௌட்டர்தான்: உள்பக்கக் கார்டில் டிசி (tc) என்ற லினக்ஸ் கட்டளை வைத்து வரம்பு போடு.

அப்புறம், ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் தனிப் பாதை) லேப்டாப்பில் ஓடும்போது இதையெல்லாம் திறக்காதே. நாட் வழியாகப் போகிற விஎம் போக்குவரத்து லேப்டாப்பின் சொந்தப் போக்குவரத்து மாதிரிதான் கிளம்பும், அதனால் விபிஎன்னுக்குள்ளும் நுழைந்துவிடும். உன் பயிற்சி மெஷின் ஆபீஸ் நெட்வொர்க்கைத் தட்டினால் மேனேஜருக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

லேப்டாப்பில் ரேம் எவ்வளவு என்று எழுது. 8 ஜிபிதான் என்றால் உள்ளே இருக்கும் மூன்று விஎம்மில் ஒன்றைக் குறைத்துவிடலாம். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? காசிமேட்டு மீன் வாங்க விடியற்காலையில் போக வேண்டும் என்று தம்பி இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். தேதியைச் சீக்கிரம் சொல், மாடி அறையைக் காலி செய்து வைக்க வேண்டும்.

உன் மச்சான்