பிரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஊர் வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. போனில் சொல்ல வராத ஒன்றை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆபீசுக்கும் வீட்டுக்கும் நீ ஓடுகிற ஓட்டத்தில், எதைச் சொன்னாலும் குறை சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று இருபது நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பாப்பாவுக்காக நீ பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற ஸ்டார் அட்டையைப் பற்றித்தான். வரிக்கு ஒரு வேலை எழுதி, செய்தால் ஒரு ஸ்டார் ஒட்டுகிறாயே, அது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அவளை ராத்திரி பல் தேய்க்க வைக்க நீயும் மாப்பிள்ளையும் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது தானே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நிற்கிறாள். பிடிக்காத, ஆனால் செய்தே ஆகவேண்டிய சின்ன வேலைக்கு, பழக்கம் பிடிபடும்வரை ஸ்டார் கைகொடுக்கும். முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டவள்தான் நானும். பல் தேய்ப்பது பழகிவிட்டதால் அந்த வரி இனித் தேவைப்படாது.

நாலாவது வரியை மட்டும் இன்றைக்கே அழித்துவிடு. ‘படுக்கை நனையவில்லை’ என்ற வரி.

நான் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால், விடியற்காலை காபி போட எழுந்து வந்தேன். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பாப்பா நிற்கிறாள். ஈரப் பாவாடை. பெட்ஷீட்டைப் பந்தாகச் சுருட்டி வாளிக்குப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழக்கூட இல்லை. “ஆச்சி, அம்மாகிட்ட சொல்லாதீங்க. பதினெட்டு ஸ்டார் ஆயிட்டு” என்றாள். இருபது வந்தால் சைக்கிள் அல்லவா? நான் பெட்ஷீட்டை அலசிப் போட்டேன். நீ எழுந்து வந்து, “இன்னைக்கும் நனைக்கலையா, என் தங்கம்!” என்று பத்தொன்பதாவது ஸ்டாரை ஒட்டினாய். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பேசாமல் நின்றேன். அது என் தப்பு.

தூக்கத்தில் நடப்பது அவள் கையில் இல்லையம்மா. ஐந்து வயதில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இருப்பதுதான். பிரிட்டனில் 2010இல் வந்த மருத்துவ வழிகாட்டுதலிலேயே, நனையாத ராத்திரிக்குப் பரிசு வைக்காதீர்கள், பிள்ளையால் முடிகிறதற்கு வையுங்கள் என்றுதான் இருக்கிறது. பகலில் வேண்டிய அளவு தண்ணீர் குடிப்பது, படுக்கப் போகுமுன் பாத்ரூம் போவது, நனைந்தால் விரிப்பு மாற்றக் கூட வந்து நிற்பது, இவையெல்லாம் அவளால் முடியும். வாளிக்குப் பின்னால் ஒளிக்கவும் வேண்டியிருக்காது.

மாப்பிள்ளையிடம் பக்குவமாக ஒன்று சொல். அவள் சுவரில் கிறுக்கிய அன்று கோபத்தில் ரெண்டு ஸ்டாரைப் பிய்த்துவிட்டார். காலையில் பல் தேய்த்து வாங்கிய ஸ்டார் அது. கிறுக்கியதற்குச் சுவரைத் துடைக்கச் சொல்லலாம். கொடுத்ததைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

‘தினம் ஒரு படம்’ என்ற வரியும் என்னை உறுத்துகிறது. அவள் யாரும் சொல்லி வரைகிறவள் இல்லை, தானாகவே வரைகிறவள். முன்பெல்லாம் ஒரு யானையை அரை மணி நேரம் வரைவாள். இந்தத் தடவை ஒரு வட்டம், ரெண்டு கோடு, “முடிச்சாச்சு, ஸ்டார்” என்று ஓடிவிடுகிறாள். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் 1973இல் வெளியிட்டது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நர்சரியில், ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவில் வரைய ஆசைப்படுகிற பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். சிலருக்கு முன்னால் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் பேனாக்களைப் போட்டு வைத்துப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. படத்தைப் பார்த்து உனக்குச் சந்தோஷம் வந்தால் ஒரு நாள் புதுக் கலர் பாக்கெட் வாங்கிக் கொடு. விலை பேசிவிட்டுக் கொடுக்காதே.

சொல்லிக் கொடுத்ததை நானே கடைப்பிடிக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

1997. நீ ரெண்டாம் வகுப்பு. சாயங்காலம் விளக்கு வைத்ததும், அப்பாவைப் பெற்ற ஆச்சியின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர்கள் காலைப் பிடித்துவிடுவாய். யாரும் சொன்னதில்லை. அந்தப் பிஞ்சு விரலுக்கு என்ன பலம் இருக்கும்? ஆனாலும் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள். உனக்குச் சேமிப்புப் பழக வேண்டும் என்று நான்தான் மண் உண்டியல் வாங்கி வந்து, கால் பிடித்தால் தினம் ஐம்பது காசு என்றேன். ரெண்டு வாரம் உண்டியல் நன்றாகத்தான் குலுங்கியது. ஒரு நாள் வீட்டில் சில்லறை இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்றேன். பாதியில் எழுந்துவிட்டாய். “அப்போ மீதியை நாளைக்குப் பிடிக்கேன்” என்றாய். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அடுக்களைக்கு வந்து, சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு எட்டணாவை என் கையில் வைத்து, “பிள்ளைட்ட குடு. நேத்து பாக்கி” என்றார்கள்.

அன்றோடு காசு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நீ கால் பிடிப்பதும் அன்றோடு நின்றுபோயிற்று. உன்மேல் தப்பே இல்லை, கூலி பேசினவள் நான். கடைசிவரைக்கும் ஆச்சி தானாக ஒரு நாளும் உன்னைக் கூப்பிடவில்லை.

போன வாரம் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் எரிய எரிய ஏழெட்டு வெங்காயம் உரித்தாள். பிறகு, “ஆச்சி, இதுக்கு எத்தனை ஸ்டார்?” என்று கேட்டாள். எனக்கு அந்த எட்டணா ஞாபகம் வந்துவிட்டது. ‘அம்மாவுக்கு உதவி’ என்ற வரி அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், போதும்.

சைக்கிளுக்கு அப்பா பணம் போடுகிறாராம். இருபதாவது ஸ்டாருக்குக் காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிக் கொடுத்துவிடு.

பெட்ஷீட் விஷயம் உனக்குத் தெரியும் என்று பாப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

உன் அம்மா