37-ஆம் நம்பருக்கு என்ன விலை

மாப்ளே,

அக்டோபரில் நீ கேட்டதற்கு ஜனவரியில் பதில் எழுதுகிறேன், திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஊருக்குத் திரும்பிவிட்டார். நம்ம கூட்டாளி மொட்டை இன்னும் அதே காரைத்தான் ஓட்டுகிறான். மில்வாக்கியில் குளிர் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை.

நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து நாம் டீம் நடத்துகிற நம்ம ஃபேன்டஸி லீகில் என் ஷார்ட்ஸ்டாப்பை (2-ஆம், 3-ஆம் பேஸுக்கு நடுவில் நிற்கிற ஃபீல்டர்) கேட்டு, இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று உன்னுடைய 2 முதல் சுற்றுப் பிக்குகளை, அதாவது ஆட்டக்காரர்களை எடுக்கிற வரிசையில் உன் இடங்களை, தருவதாகச் சொன்னாய் அல்லவா? அன்றைக்கே "சரி" என்று அடித்து வைத்தேன், அனுப்பத்தான் மனசு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் பால்டிமோர் பேஸ்பால் டீம் ஓரியோல்ஸ், டாம்பா பே டீமிடமிருந்து ஷேன் பாஸ் என்ற பிட்சரை (பந்து வீசுபவன்) வாங்கிய செய்தி வந்தது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்.

கதையைக் கேள். 2025 ஜூலை 10-ஆம் தேதி, டீம்கள் வரிசையாகப் புதுப் பையன்களை எடுக்கிற டிராஃப்டுக்கு 3 நாள் இருக்கும்போது, பிரையன் பேக்கர் என்ற ரிலீவரை (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவன்) டாம்பாவுக்குக் கொடுத்து 37-ஆம் பிக்கை வாங்கினோம். ஒரே ஒரு பிக், வேறு ஆள் யாரும் இல்லை. "ரிலீவரைக் கொடுத்து லாட்டரிச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள்" என்று நீ சிரித்தாய். ஆனால் அந்தச் சீட்டோடு பணமும் வருகிறதே! 37-ஆம் இடத்துக்கு லீக் போட்ட ஸ்லாட் தொகை 26 லட்சம் டாலருக்கு மேல், அது அப்படியே எங்கள் போனஸ் பூலில், அதாவது எடுத்த பையன்களுக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகையில், சேர்ந்து, மொத்தம் 1 கோடியே 91 லட்சம் என்று 30 டீமிலும் பெரிய பூல் எங்களுடையதாகிவிட்டது. ஒருத்தனுக்குக் குறைத்துக் கொடுத்து மிச்சத்தை இன்னொருத்தனுக்குப் போடலாம். பிக்கின் விலையில் பாதி இந்தச் சில்லறை விளையாட்டில்தான் இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

அந்த 37-இல் ஆரிகன் மாநிலத்து ஹைஸ்கூல் பையன் ஸ்லேட்டர் டி ப்ரூனை எடுத்தோம். டிசம்பரில் பாஸுக்காகக் கொடுத்த 4 பேரில் அவனும் ஒருத்தன். ஆக, டாம்பா விற்ற பிக், ஆளாக மாறி டாம்பாவுக்கே திரும்பிவிட்டது! அது போதாதென்று மேலே இன்னொரு பிக்கையும் சேர்த்துக் கொடுத்தோம்.

எங்களுக்கு இது புதுசும் இல்லை. 2016-இல் பிட்சர் பிரையன் மாட்டூஸின் மிச்சச் சம்பளம் சுமார் 30 லட்சம் டாலரைக் கழித்துவிட வேண்டும் என்பதற்காக அவனையும், கூடவே 76-ஆம் பிக்கையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்தோம். அவர்கள் மாட்டூஸை உடனே கழற்றிவிட்டு, அந்த 76-இல் பிரெட் கம்பர்லாண்டை எடுத்தார்கள். 2018-இல் பிட்சர் கெவின் காஸ்மனை அட்லாண்டாவுக்குக் கொடுத்தபோது எங்களுக்கு வந்தவர்களில் யார் இருந்தான் சொல்? அதே கம்பர்லாண்ட். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்படி விலை தெரிகிற இடங்களே கொஞ்சம்தான். சின்ன ஊர், குறைந்த வருமான டீம்களுக்குத் தருகிற சமநிலைச் சுற்றுப் பிக்குகளை மட்டும்தான் கைமாற்றலாம், அதுவும் ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் விற்பனைக்கே கிடையாது. சந்தையே இல்லாத சரக்குக்கு விலை சொல்கிற வேலை இது.

இந்த நம்பரில் எடுத்தவர்கள் சராசரியாக இவ்வளவு தேறினார்கள் என்று பட்டியல் போடுவார்கள். மொட்டையும் எக்செலில் ஒன்று வைத்திருக்கிறான், அது வேற கதை. அந்தச் சராசரியை நம்பாதே. 2015-இல் ரிலீவர் கிம்பரலை சான் டியேகோவுக்கு விற்றபோது அட்லாண்டாவுக்கு வந்தவற்றில் 41-ஆம் பிக்கும் ஒன்று. அதில் எடுத்தது ஆஸ்டின் ரைலியை. 2021-இல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார்கள், 2022-இல் அவனுக்கு 10 வருஷத்துக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். ரைலி மாதிரி ஒரு சிலர்தான் அந்த நம்பரின் சராசரியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கீழே பெரிய லீகையே பார்க்காமல் வீடு திரும்பியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எங்க தாத்தா கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்குப் பிடிப்பார், ஒரு காற்றடித்தால் போச்சு. பிக் வாங்குவது அதைவிட மோசம்டா, மரமே இன்னும் நடவில்லை.

2013-இல் பிட்சர் பட் நோரிஸுக்காக ஹூஸ்டனுக்குப் பிக் ஒன்றும் கொடுத்தோம். அவர்கள் அதில் 37-ஆம் ஆளாக டெரக் ஃபிஷரை எடுத்தார்கள், நிலைக்கவில்லை. கூடவே கொசுறு மாதிரிப் போன 19-ஆம் சுற்றுப் பையன்தான் ஜாஷ் ஹேடர். உங்கள் ஊரில் வந்து அவன் எப்பேர்ப்பட்ட ரிலீவர் ஆனான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் டீமிலிருந்து நாங்கள் வாங்கிய பிட்சர் பர்ன்ஸ் விஷயத்தில் மட்டும் நீ வாயைத் திறக்காதே. ஒர்டிஸ், ஹால் என்ற 2 ஆட்டக்காரர்கள், 34-ஆம் பிக் மூன்றையும் கொடுத்து ஒரே ஒரு சீசன் அனுபவித்தோம், ஆள் அரிசோனாவுக்குப் போய்விட்டான். உங்கள் 34-இல் வந்தவன் பிளேக் பர்க். பர்ன்ஸும் இன்னொருத்தரும் எங்களை விட்டுப் போனதற்கு ஈடாக எங்களுக்கு 30, 31-ஆம் பிக்குகள் கிடைத்தன. 30-இல் எடுத்த கேடன் போடைனும் இப்போது பாஸுக்காக டாம்பா போய்விட்டான். எது எதுக்கு விலை என்று பேப்பரில் கோடு போட்டுப் பார்த்தேன், கோலம் மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது சின்னவன் எதிரே உட்கார்ந்து காலேஜ் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறான். டி ப்ரூனும் இவன் வயசுதான், ஒன்று கூடக் குறைய இருக்கும். ஜூலையில் ஒரு நம்பர், டிசம்பரில் ஒரு டிரேடில் நாலில் ஒருத்தன். அவன் வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன பேசியிருப்பார்கள்? நாம் இங்கே ஷார்ட்ஸ்டாப், பிக் என்று சும்மா அடித்துக்கொள்கிறோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போன வருஷம் நம்ம லீகில் நீ பத்தாவது, பின்னால் வந்தவன்தான் முன்னால் எடுப்பான், அதனால் இந்த வருஷத்துப் பிக் நல்ல பிக். அடுத்த வருஷத்துப் பிக்கை நான் பாதி விலைக்குத்தான் எடுப்பேன், ஏனென்றால் என் ஷார்ட்ஸ்டாப்பை வைத்து நீ மேலே வந்துவிடுவாய், பிக் கீழே இறங்கிவிடும். அதற்கு ஈடாக உன் டீமில் இருக்கிற அந்த இடதுகைப் பிட்சரையும் சேர்த்துக் கொடு. கொசுறாகத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், மொட்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

உன்
பழைய ரூம்மேட்