ஞாயிறு பீரோ ஏற்றுவது: ராட்செட் பெல்ட் தேவை

எல்லோருக்கும் வணக்கம். கிளப் ரூமில் கிடக்கும் 2 பீரோ, புத்தக அலமாரிகள் எல்லாம் ஞாயிறு காலை 7 மணிக்குக் குட்டி யானையில் அரசுப் பள்ளிக்குப் போகின்றன. இந்த முறை கயிறு வேண்டாம், ராட்செட் பெல்ட்தான் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை).

1. பெல்ட் வைத்திருப்பவர்கள் சனி இரவு 8 மணிக்குள் செக்யூரிட்டியிடம் கொடுங்கள், பிளாட் எண் எழுதி. ஓரம் கிழிந்தது, முடிச்சு விழுந்தது வேண்டவே வேண்டாம்.
2. லேபிளைப் பாருங்கள். பெரிதாக அச்சடித்திருப்பது பல நேரம் அறுந்துபோகும் எடை. நாம் நம்ப வேண்டியது வேலை எடையை, அதாவது பாதுகாப்பாகத் தாங்கும் எடையை; அது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.
3. பீரோ விளிம்பு பெல்ட்டை அறுக்கும். தடித்த அட்டை, பழைய கால்மிதி கொண்டு வாருங்கள்.
4. இறுக்குபவர்கள் கவனத்துக்கு: பெல்ட் முறுக்கிக்கொள்ளக் கூடாது, உருளையில் 2, 3 சுற்றாவது விழ வேண்டும், அதற்காகக் கைப்பிடியில் பைப் மாட்டி இழுக்காதீர்கள், கை பலம் போதும். கைப்பிடியை மூடிப் பூட்டுங்கள். மிஞ்சும் வாலைக் கட்டிவிடுங்கள், சக்கரத்தில் சிக்கும்.
5. சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். டிரைவர் அவசரப்படுத்துவார், விடாதீர்கள்.

கூட வண்டியில் போக 2 பேர் வேண்டும். வருபவர்கள், பெல்ட் தருபவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் எதற்கு என்று புரியாது.