12 ஓம்-மீட்டரும் ஒரு சொம்பு தண்ணீரும்

வேலூர்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளக்கிறது.

நம் காலத்தில் புவி இயற்பியல் செய்முறை எப்படி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? வாத்தியார் கொடுத்த அளவுகளை, மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிடும் வென்னர் சூத்திரத்தில் போட்டு, வரைபடம் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். அதை அளக்கும் மீட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இந்த வருடம் பாடம் எடுப்பதற்கு முன்பே ஒரு ரெசிஸ்டிவிட்டி மீட்டரை இரவல் வாங்கி, இரண்டாம் வருடப் பிள்ளைகளை ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். (ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டமாம். எனக்கு இன்னும் வட ஆற்காடுதான்.)

நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் அடித்து, வெளி இரண்டில் மின்னோட்டம் விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரமாக எண் நிலையாக நிற்கவே இல்லை. கடைசியில் ஒரு பெண் கம்பியை அசைத்துப் பார்த்து, "மண்ணோட ஒட்டவே இல்ல சார்" என்றாள். சாப்பாட்டுக்கு வைத்திருந்த உப்பைக் குடிதண்ணீரில் கரைத்து, கம்பிகளின் அடியில் ஊற்றினோம். எண் நின்றது. வகுப்பில் நான் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள்.

இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் ஆழமாகப் போகும். பத்து மீட்டர் இடைவெளியில் 12 ஓம்-மீட்டர் என்று குறைந்த எண் வந்ததும், ஈர மண்ணில் தடை குறையும் என்பதால், "தண்ணி சார்!" என்று ஒரே கூச்சல். நாற்பதில் எண் மளமளவென்று ஏறியது, அடியில் பாறை.

வேடிக்கை பார்த்த நிலத்துக்காரப் பெரியவர் சிரித்தார். அவர் அப்பா உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவராம். பேசாமல் போய்த் தன் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்தார். வாயில் வைக்க முடியவில்லை, அத்தனை உப்பு. தோல் பதனிடும் கழிவு இந்தப் படுகையில் இறங்கிய கதைதான் உனக்குத் தெரியுமே. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், எண் இறங்கிவிடும். களிமண்ணிலும் அப்படித்தான். துள்ளிய பிள்ளைகள் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பும் வழி முழுக்க பஸ்ஸில் இதே வாக்குவாதம். ஒருவன்கூடத் தூங்கவில்லை மச்சான்!

அடுத்த முறை கிணற்று நீரின் உப்பை அளக்கும் மீட்டரும் எடுத்துப் போகிறோம். அப்புறம், நீ போர் போட்ட இடங்களில் எத்தனை அடியில் என்ன மண், என்ன பாறை என்று எழுதிவைத்த நோட்டு இருக்கிறதே, அதை நகலெடுத்து அனுப்பு. எங்கள் வரைபடத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இரவல் மீட்டரை மாதக் கடைசிக்குள் திருப்பித் தரணும், சீக்கிரம்.

உன்
மச்சான்