கருவேலம் வேரோட போகணும், கரி மண்ணுக்குள்ள போகணும்: உங்க கை கொஞ்சம் வேணும்

எல்லாருக்கும் வணக்கம், சீமைக்கருவேலத்த வேரோட எடுத்து கரியாக்கி மண்ணுல போடற வேலைக்கு உதவி கேட்டு கமிட்டி சார்பா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடக்கறத நான் சொல்லி தெரியவேண்டியதில்ல. வெட்டிப் போட்டா அடிக்கட்டைலேர்ந்து முன்னவிட அடர்த்தியா துளிர்க்குது, வெட்டுனத என்ன பண்றதுன்னு தெரியாம குவிச்சு தீ வச்சிடறோம், புகையும் ஒரு கூடை சாம்பலும்தான் மிச்சம். அதையே காத்து படாம வேகவச்சா கரியாகி மண்ணுல நூத்துக்கணக்கான வருஷம் கிடக்கும், தண்ணியையும் சத்தையும் புடிச்சு வச்சுக்கும். புது கண்டுபிடிப்பெல்லாம் இல்லங்க, அமேசான் காட்டு பழங்குடி மக்கள் கரியும் எலும்பும் குப்பையும் சேத்து உண்டாக்குன கறுப்பு மண்ணு, டெர்ரா ப்ரேட்டான்னு பேரு, ஆயிரம் வருஷம் தாண்டியும் வளமா இருக்கு.

போன சீசன்ல ஒரு கூம்பு அடுப்ப இரவல் வாங்கி ட்ரையல் பாத்தோம். வாய் அகலம், அடி குறுகல். விறகு மேல வெள்ளையா சாம்பல் பூத்ததும் அடுத்த அடுக்கு போடணும், மேல எரியற தீயே புகையையும் எரிச்சு காத்தையும் கீழ விடாம பாத்துக்கும், நிறைஞ்சதும் தண்ணி ஊத்தி அணைக்கணும். முதல் பேட்ச் சொதப்பல், அவசரப்பட்டு ஈர விறகப் போட்டுட்டோம், ஒரே புகை, பாதி வேகாத கட்டை, கையெல்லாம் தார் பிசுக்கு. அடுத்த தடவ நல்லா காயவச்சு போட்டோம், ஒரு துண்ட கல்லுல தட்டுனா கண்ணாடி மாதிரி ணங்குன்னு சத்தம், கையில ஒட்டுன கறுப்பு சோப்பு போடாமலே போயிடுச்சு. 100 கிலோ காஞ்ச விறகுக்கு 20, 25 கிலோ கரி வந்தா நல்ல வேலைன்னு அர்த்தம்.

இன்னொரு தப்பும் பண்ணோம், மறைக்க மாட்டேன். ஒரு பாத்தில கரிய அப்படியே கொட்டிட்டோம், பயிர் வெளுத்துப் போச்சு, ஏன்னா வெறும் கரி, மண்ணுல இருக்கற தழைச்சத்த தானே உறிஞ்சி வச்சுக்கும். சாணக் கரைசல்லயோ மக்குன எருவுலயோ ரெண்டு மூணு வாரம் ஊறவச்சுதான் போடணும். கரிக்கு காரத்தன்மை உண்டு, அதனால ஏற்கனவே காரமான மண்ணுக்கு வேண்டாம், புளிப்பு மண்ணுக்கும் மணல் மண்ணுக்கும்தான் நல்லா கேக்கும். மண் பரிசோதனைக்குன்னு தனியா பணம் ஒதுக்கியிருக்கறது அதுக்குத்தான்.

ஆகாயத்தாமரைய ஏன் எடுக்கலன்னு சிலர் கேட்டாங்க. அதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, காயவைக்கறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும், சாக்கடைத் தண்ணில வளந்ததுன்னா கன உலோகமும் இருக்கலாம். இப்போதைக்கு வேண்டாம்.

சரி, பணம் எதுக்கு? தூக்கிட்டுப் போற மாதிரி சொந்தமா ஒரு அடுப்பு வேணும். காயோட இருக்கற முள்ள வண்டில ஏத்துனா வழியெல்லாம் நாமளே விதைச்ச மாதிரி ஆகிடும், அதனால முள்ளு இருக்கற இடத்துக்கு அடுப்பு போகணும். ஆனா பெரிய செலவு அடுப்பு இல்ல, வேர் பறிக்கற ஆள் கூலி. அடுப்புக்கு பணம் தர நிறைய பேர் ரெடி, பேர் எழுதிக்கலாம் பாருங்க, வேர் தோண்டுன குழில யார் பேர எழுதறது? தப்பா எடுத்துக்காதீங்க, உண்மைய சொன்னேன். வேரோட எடுக்கலன்னா அடுத்த மழைக்கே திரும்ப நிக்கும், மண்ணுல கிடக்கற விதை வருஷக்கணக்குல முளைச்சிட்டே இருக்கும், அதனால அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் கன்னு புடுங்க கூலி எடுத்து வைக்கணும்.

பணமாத்தான் தரணும்னு இல்ல, ஒருநாள் டிராக்டர், அணைக்கறதுக்கு ஒரு டேங்க் தண்ணி, கெட்டியான பூட்ஸ், கையுறை எதுவா இருந்தாலும் சரி, அந்த முள்ளு செருப்ப துளைச்சிட்டு கால்ல ஏறிடுது. தர்றவங்க பொருளாளர்கிட்ட சொல்லி ரசீது வாங்கிக்கோங்க, கூலிக்கா அடுப்புக்கான்னு மட்டும் சொல்லிடுங்க. எதுவும் சொல்லலன்னா கூலி கணக்குல வச்சுப்போம்.