நாயுருவியும் கத்தரிக்கோலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் கையெழுத்து என்று உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கஞ்சியை விட்டுச் சோற்றுக்கு வந்துவிட்டாய் என்பதில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு முன்பல் விழுந்திருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் எந்தக் கூரைமேல் எறிவது என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரை கிருமியைக் கொன்றதா, இந்தக் காய்ச்சல் உன் கோழிகளிடமிருந்து வந்ததா என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருடம் வைரஸ் ஆய்வகத்தில் சளிக் குப்பிகளோடு குப்பை கொட்டியவனிடம் கேட்டால் சுருக்கமாகப் பதில் வருமா?

மாத்திரை கொல்லாது. இன்ஃபுளுயன்சா வைரஸிடம் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அதைத்தான் இது முடக்குகிறது.

நம் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் பூனைமயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் என்றொரு சர்க்கரை. வைரஸின் மேல் ஹீமக்ளூட்டினின் என்ற புரத முட்கள் சில நூறு. ஒவ்வொன்றின் தலையிலும் ஆழமில்லாத சிறு குழிகள். சியாலிக் அமிலம் அதில் வந்து உட்காரும். பூட்டும் சாவியும் என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. இங்கே தனி முள்ளின் பிடி படு தளர்வு, பிடித்த வேகத்தில் நழுவிவிடும். நாம் பள்ளிக்கூடம் போன வரப்பில் டிராயரில் ஒட்டுமே நாயுருவி, அதை நினைத்துக்கொள். ஒன்றிரண்டு என்றால் தட்டினால் உதிரும். கதிரோடு அப்பிக்கொண்டால் உட்கார்ந்துதான் பிடுங்க வேண்டும். வைரஸின் பிடியும் எண்ணிக்கையால் வருவதுதான். அப்படி அப்பிக்கொண்டதைச் செல் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஆனால் ஒட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. நம் சளியிலும் சியாலிக் அமிலம் ஏராளம்; அதில் ஒட்டிய வைரஸ் அங்கேயே மாட்டிக்கொள்ளும். செல்லிலிருந்து புதிதாகப் பிறக்கும் வைரஸும் பிறந்த இடத்திலேயே ஒட்டிக் கிடக்கும். அதனால்தான் அந்தச் சியாலிக் அமிலத்தை வெட்டிவிட்டுக் கழன்றுகொள்ள, நியூராமினிடேஸ் என்ற நொதியைக் கத்தரிக்கோலாக வைத்திருக்கிறது. நீ விழுங்கிய ஓசெல்டாமிவிர் அந்த வெட்டைத் தடுக்கிறது. புது வைரஸ் பரவாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை என்பதால், முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நீ ஐந்தாம் நாள் டாக்டரிடம் போயிருக்கிறாய். பெரிய வீரன்!

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். சிறு குழிகள் கொண்ட தட்டில் வைரஸையும் கோழியின் சிவப்பணுக்களையும் கலந்து வைப்போம். வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டுப்போல் நிற்கும். தட்டைச் சாய்த்தால் கண்ணீர்போல் வழியும். வைரஸ் இருந்தால் அணுக்களைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். குழியெங்கும் மெல்லிய சிவப்புப் படலம்தான். ஒரு மே மாதம் மின்சாரம் போன நேரத்தில் தட்டை மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் படலம் இருந்த குழிகளிலெல்லாம் பொட்டு! சூட்டில் கத்தரிக்கோல் விழித்துக்கொண்டு, ஒட்டியதையெல்லாம் வெட்டிவிட்டது.

1941இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹிர்ஸ்ட், வைரஸ் ஏற்றிய கோழிமுட்டையிலிருந்து திரவம் எடுக்கும்போது ரத்தக்குழாய் கிழிந்து, கலந்த ரத்தம் கட்டிகட்டியாகத் திரண்டதைப் பார்த்தார். இந்தச் சோதனை பிறந்தது அப்படித்தான். குளிரில் ஒட்டும் வைரஸ் உடல்சூட்டில் கழன்றுவிடும் என்பதையும், அது கழன்றுபோன அணுக்கள் மறுபடி அதனிடம் ஒட்டாது என்பதையும் அடுத்த ஆண்டே எழுதிவிட்டார். நான் அதைக் கண்டுபிடிக்க நாற்பது வருடம் தாமதம், அவ்வளவுதான்.

இனி உன் கோழிகள். சியாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையின் மூன்றாம் கரியணுவில் இணைந்திருந்தால் ஒரு வளைவு, ஆறாவதில் இணைந்திருந்தால் வேறு வளைவு. பறவை வைரஸ்களுக்கு முதல் வகை பிடிக்கும்; வாத்தின் குடலில் அது நிறைய. நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகை நமக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். அதனால்தான் பறவைக் காய்ச்சல் மனிதனுக்கு லேசில் வருவதில்லை, வந்தால் பொல்லாதது. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியதே, அவற்றின் மடியில் பறவை வகை இணைப்பு தாராளமாக இருக்கிறது. அந்த வைரஸின் முள்ளில் 226ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றே ஒன்று மாறினால் மனித வகையைப் பிடிக்கத் தொடங்கும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் ஆய்வு வந்தது. முழு வைரஸை வைத்துச் செய்யவில்லை, முள் புரதத்தை மட்டும் சோதித்தார்கள். ஆனாலும் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் உனக்கு முன்பே மருமகன் இருமிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறாய். அங்கிருந்து வந்திருக்கும், கோழிகளைத் திட்டாதே. ஆனால் அவை காரணமில்லாமல் சாக ஆரம்பித்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடு. மற்றபடி பேத்திக்கு ஒரு பதில் வேண்டும்: உன் ஓட்டு வீடு இன்னும் ஒழுகாமல் நிற்கிறதா? பல்லைத் தபாலில் அனுப்புகிறாளாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்